மூண்டாவது அக்செல்

மூச்சை விடு எண்டு சொன்னன். வேற என்ன சொல்லுறது. பலகை வேலிக்கு அந்தப் பக்கம் ஐஸில சறுக்குச் சப்பாத்தோட மாதுமை நிக்கிறாள், இந்தப் பக்கம் ரப்பர் விரிப்பில நான் நிக்கிறன், பேர் கூப்பிட முதல் கோச் ஆனவ ஒரு வசனம் சொல்லி அனுப்பவேணும் எண்டது வழக்கம், அதுக்காகச் சொன்னன். நான் கோச் இல்லை. கோச் பெரித், நோர்வேக்காரி, ஓகஸ்ற்றில முதுகு ஒப்பரேசன் செய்துபோட்டு ஒஸ்லோவில படுத்திருக்கிறா, பிளேன் ஏறக்கூடாதாம், அதால இந்த முழு சீசனும் அவவின்ர இடத்தில நான். தர்சிகா, வயது இருபத்திநாலு, கிழமை நாளில பாமசியில மருந்து எடுத்துக் குடுக்கிறவள், சனி ஞாயிறில சின்னப் பிள்ளையளுக்கு ஐஸில விழாம நடக்கப் பழக்கிறவள், மாதுமையின்ர அக்கா. கடைசியாச் சொன்னதுதான் எல்லாரும் சொல்லுறது. ஒலிபெருக்கியில அவளின்ர பேரைக் கூப்பிடுகினம். ஒவ்வொரு ஊரிலயும் அந்தப் பேரை ஒவ்வொரு விதமாக் கொலை செய்யினம், ஆனா கூப்பிடுகினம், ஒரு மண்டபம் முழுக்கக் கேக்கக் கூப்பிடுகினம். என்னை ஒருத்தரும் உப்பிடிக் கூப்பிட்டது கிடையாது. பிராந்தியப் போட்டியில ஒருக்காக் கூப்பிட்டவை, அப்ப அம்மா தண்ணிப் போத்தல் வாங்கப் போயிருந்தா. மாதுமை என்னைத் திரும்பிப் பாக்காமப் போறாள், நடுவில போய் நிக்கிறாள், ஒரு காலைக் கொஞ்சம் மடிச்சு, கழுத்தைச் சரிச்சு. அந்தக் கழுத்துக்கே புள்ளி குடுப்பாங்கள். எங்கட வீட்டில ஆருக்கும் உப்பிடி ஒரு கழுத்து இல்லை, எங்க இருந்து எடுத்தவளோ தெரியாது. கடையில வித்திருந்தால் நானும் ஒண்டு வாங்கியிருப்பன்.

வயலின் துவங்குது. இந்த வயலினைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு, பல்லு மினுக்கேக்கயும் இதுதான், பாமசியில ஆராவது தலையிடிக்குக் குளிசை கேக்கேக்கயும் இதுதான், எந்த இடத்தில அவளின்ர கை எழும்பும், எந்த இடத்தில மூச்சு எடுப்பாள், எல்லாம் என்ர தோள்மூட்டுக்குத் தெரியும். என்ர கால் விரல் சப்பாத்துக்குள்ள அவளோட சேந்து மடங்குது. வெக்கமா இருக்கு, ஆரும் குனிஞ்சு பாத்தால் தெரிஞ்சிடும் எண்டு நினைக்கிறன், ஆர் குனிஞ்சு என்ர சப்பாத்தைப் பாக்கப் போறாங்கள். முதல்ல ஐஸுக்குப் போனது நான். அதை ஒருத்தரும் ஞாபகம் வைச்சிருக்கேல்ல. எனக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு ஆறு, வீட்டில விட்டிட்டு வர ஆள் இல்லாமத்தான் அம்மா அவளையும் இழுத்துக்கொண்டு வந்தவ, கரையில கதிரையில இருந்து பிஸ்கற் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள். பிறகு என்ர பழைய சப்பாத்துக்குள்ள மூண்டு சோடி மேஸ் போட்டுக்கொண்டு இறங்கினாள். அக்செலை நான்தான் காட்டிக் குடுத்தனான். மற்றப் பாய்ச்சல் எல்லாம் பின்பக்கமாப் போய்ப் பாயிறது, அக்செல் ஒண்டுதான் முன்பக்கம் பாத்துப் பாயிறது, முன்னால பாத்துக்கொண்டு வெறும் காத்துக்குள்ள ஏறவேணும், அதுக்குச் சரியான பயம் வரும், அந்தப் பயத்தை விட வைக்க வீட்டு நடையில, காப்பெற்றில, அவளின்ர இடுப்பைப் பிடிச்சுத் தூக்கித் தூக்கிக் காட்டினன். எனக்கு ரெண்டு வருசம் வராத டபுள் அக்செல், காத்தில ரெண்டரைச் சுத்து, அவளுக்கு ஒரு மாரிக்குள்ள வந்தது. பெரித் என்னைக் கூப்பிட்டுச் சொன்னா, உனக்குத் தலை இருக்கு தர்சிகா, அவளுக்குக் கால் இருக்கு எண்டு. அன்பாத்தான் சொன்னவ. அண்டையில இருந்து நான் அந்தத் தலையைக் கழுத்தில வைச்சுக் காவிக்கொண்டு திரியிறன்.

முதல் பாய்ச்சலுக்குப் போறாள். மூலைக்கு நீளமா, பின்பக்கமா, முதுகைக் காட்டிக்கொண்டு. விழு. நான் அப்பிடி நினைக்கேல்ல, அந்தச் சொல்லு தன்பாட்டில வந்தது, விக்கல் வாறமாதிரி, நான் கூப்பிடேல்ல, ஆனா வந்ததுக்கு நான்தானே வீடு. மூண்டு சுத்துச் சுத்தி இறங்கிறாள், கொஞ்சம் தடுமாறி, கையைப் பறத்தி, நிண்டுட்டாள். சனம் கை தட்டுது. நானும் தட்டுறன், பலகையில உள்ளங்கையால, கோச்மார் தட்டுறமாதிரி. செப்ரெம்பரில இருந்து உப்பிடித்தான். செக்கில ஒரு ஊர், பிறகு பின்லாந்து, பிறகு போலந்து, பிறகு பேர் வாயில வராத இன்னும் ஒண்டு, இப்ப சுலோவேனியாவில ஒரு இரும்பாலை ஊர், எல்லா ஊரிலயும் அதே குளிர், அதே ரப்பர் மணம், அதே ஹொட்டேல் முட்டை. எல்லா ஊரிலயும் அதே கதை. உலகப் போட்டிக்குப் போறதெண்டால் நோர்வேக்கு ஒரு இடம் இருக்கு, அதுக்கு மாதுமைதான் எண்டு சறுக்குச் சங்கத்தில எழுதியும் வைச்சாச்சு, ஆனா பாய்ச்சலுக்கும் சுழலுக்கும் மட்டும் குடுக்கிற புள்ளி ஒரு எல்லையைத் தாண்டவேணும். ஒரு போட்டிக்கு ரெண்டு ஆட்டம், சின்ன நிகழ்ச்சியில எப்பவோ தாண்டிட்டாள். இந்தப் பெரிய நிகழ்ச்சியிலதான் ஒவ்வொரு ஊரிலயும் மயிரிழையில தவறுது. ஒவ்வொரு தரமும் அவள் என்ர தோளில முகத்தை வைச்சு அழுவாள், நான் முதுகைத் தடவுவன், பரவாயில்லையடி அடுத்த ஊர் இருக்கு எண்டுவன். தடவிக்கொண்டிருக்கேக்க எனக்குள்ள ஒரு சின்ன இனிப்பு ஊறும். நாக்குக்கு அடியில. உண்மையாவே இனிக்கும். அந்த நேரத்தில அவளில எனக்கு எவ்வளவு அன்பு எண்டு சொல்லேலாது, அழுகிற தங்கச்சியை நான் உயிரா நேசிப்பன், சிரிக்கிற தங்கச்சியைத்தான் பாக்கேலாமக் கிடக்கு. இண்டையோட ஊர் முடிஞ்சுது. இதில தாண்டாட்டி இந்த வருசம் இல்லை. தாண்டினால் மார்ச்சில உலகப் போட்டி, அதுக்குள்ள பெரித்துக்கு முதுகு சுகமாகியிடும், இந்தப் பலகையில பெரித் நிப்பா, நான் வீட்டில அம்மாவோட சோபாவில இருந்து பாப்பன். அம்மா சொல்லுவா, தர்சி, பார், தங்கச்சி என்ன வடிவு எண்டு.

காலமை அம்மா ரெலிபோனில சொன்னா, பிள்ளையை வடிவாப் பாத்துக்கொள், அவள் பயந்துபோயிருக்கிறாள் போல. எந்தப் பிள்ளையை எண்டு நான் கேக்கேல்ல. பயந்துதான் இருக்கிறாள், எனக்குத் தெரியாதோ. காலமைப் பயிற்சியில லூப் எண்ட மூண்டு சுத்துப் பாய்ச்சலில ரெண்டு தரம் விழுந்தாள், இடுப்பு அடிபட, மண்டபம் முழுக்கக் கேட்ட சத்தம். எழும்பி ஐஸ்தூளைத் தட்டிக்கொண்டு என்னைத்தான் பாத்தாள். நான் முகத்தைச் சரியாத்தான் வைச்சிருந்தன் எண்டு நினைக்கிறன். கோச் முகம். இப்ப டபுள் அக்செல், அதோட ஒட்டி இன்னொரு பாய்ச்சல், ரெண்டும் சுத்தம், வெண்ணெய் மாதிரிப் போகுது, சே, என்ன வடிவடி உனக்கு. பிறகு சுழல். தலை பின்னால தொங்க, கொண்டையில ஊசி மினுங்க, அந்தக் கொண்டையைப் பின்னினது நான், பதினெட்டு வயதுக் குமர், தலை இழுக்கத் தெரியாது, அக்கா இழு எண்டு கதிரையில வந்து குந்திக்கொள்ளுவாள். கொஞ்சம் கூட இறுக்கித்தான் இழுப்பன். ஆ எண்டுவாள். இறுக்கி இழுக்காட்டி அவிழும் எண்டு சொல்லுவன், அது உண்மைதான், ஆனா அவ்வளவு இறுக்கத் தேவையில்லை.

அடுத்தது லூப். தூர மூலையில துவங்கிறாள், வேகம் காணாது, தோள் ஏறுது, காதுக்குக் கிட்ட வருது, எனக்கு இஞ்ச இருந்தே விளங்குது, பயந்திட்டாள். போகேல்ல. கடைசி நேரத்தில உடம்பைத் திருப்பி முன்பக்கம் பாத்து, வேற ஒண்டைப் பாயிறாள், டபுள் அக்செல். கெட்டிக்காரி. சுத்தமா இறங்கி, கையை விரிச்சு, முகத்தில ஒரு சிரிப்பு, தப்பிட்டன் எண்ட சிரிப்பு. சனத்துக்கு ஒண்டும் தெரியாது, வடிவா இருந்தது எண்டு தட்டுது. எனக்கு வயித்துக்குள்ள எரியுது. பயத்தில கூட இவளுக்கு ஒரு அக்செல் கைக்குள்ள கிடக்கு, தடக்கி விழப் பாத்தவள் காசு எடுத்தமாதிரி எழும்பி வாறாள். அப்பிடி எரிஞ்சுகொண்டு நிக்கேக்கதான் என்ர தலை, அந்த விசர்த் தலை, தன்பாட்டில எண்ணிச்சுது. முதல் ஒட்டுப் பாய்ச்சலில ஒரு அக்செல். இது ரெண்டு. கடைசியில, வயலின் உச்சிக்குப் போற இடத்தில, நடுவர்மாருக்கு நேர முன்னால, இன்னொரு டபுள் அக்செல் இருக்கு, அவளுக்கு விருப்பமான இடம், நித்திரையிலயும் பாய்வாள். அது மூண்டு. டபுள் பாய்ச்சல் ஒண்டை ஒரு நிகழ்ச்சியில ரெண்டு தரம்தான் பாயலாம். மூண்டாந்தரம் பாய்ஞ்சால், எவ்வளவு வடிவாப் பாய்ஞ்சாலும் முட்டை. பாயாத கணக்கு. பாய்ஞ்சதைச் சனம் பாக்கும், கை தட்டும், அம்மா ஒஸ்லோவில கொம்பியூட்டருக்கு முன்னால கையெடுத்துக் கும்பிடுவா, கணக்கில மட்டும் அது நடக்கவே இல்லை.

அவளுக்குத் தெரியேல்ல. அவள் எண்ணிறதில்லை, எண்ணிறது என்ர வேலை. இன்னும் ரெண்டு பாய்ச்சல் போகுது, சரியாத்தான் போகுது, நான் பாக்கேல்ல, நான் கூட்டிக்கொண்டு நிக்கிறன். மூண்டாவது அக்செல் முட்டை எண்டால் எல்லைக்குக் கீழ நிண்டிடும், கிட்டத்தான், ஆனா கீழ. அந்த இடத்தில அவள் விட்ட லூப்பைப் பாய்ஞ்சால் தாண்டும். கோணலா இறங்கினாலும் தாண்டும். விழுந்தால்? விழுந்தாலும், மூண்டு சுத்தையும் சுத்திப்போட்டு விழுந்தால் பாதிப் புள்ளி கிடைக்கும், திரும்பக் கூட்டிப் பாக்கிறன், விழுந்தாலும் தாண்டும், மட்டுமட்டாத் தாண்டும். என்ன சனியன் பிடிச்ச கணக்கு, வடிவாப் பாய்ஞ்சால் போச்சு, விழுந்தால் தப்பிச்சுது. இது இந்த மண்டபத்தில எனக்கு மட்டும்தான் இப்ப தெரியும். நடுவர்மார் பிறகு கண்டுபிடிப்பினம். இப்ப நான் மட்டும். கடைசிப் பாய்ச்சலுக்கு முதல் அவள் இந்தப் பக்கமா வருவாள், பலகைக்குக் கிட்ட, நான் நிக்கிற இடத்துக்கு நேர, ஒவ்வொரு தரமும் என்ர முகத்தை ஒருக்காப் பாத்திட்டுத்தான் போவாள். ஒரு சொல்லுச் சொல்லலாம். ஒரு சொல்லுக்குத்தான் நேரம். சொல்லாமலும் விடலாம். ஆர் கேக்கப்போகினம். எனக்கு விளங்கேல்ல, நான் கவனிக்கேல்ல எண்டால் முடிஞ்சுது, நான் கோச்சோ, நான் அக்காதானே. அவள் வந்து தோளில முகம் வைப்பாள். நான் தடவுவன். பரவாயில்லையடி அடுத்த வருசம் இருக்கு. நாக்குக்கு அடியில இப்பவே ஊறுது.

காலடி வேலை துவங்கிட்டாள், மண்டபத்தின்ர ஒரு கரையில இருந்து மற்றக் கரைக்கு, திரும்பி, வளைஞ்சு, சப்பாத்துக் கத்தி ஐஸைக் கிழிக்கிற சத்தம் கேக்குது, கிழிச்ச இடத்தில வெள்ளைக் கோடு. முகத்தில என்ன சந்தோசம். பயத்தில இருந்து தப்பின பிறகு வாற சந்தோசம், ஒரு பாரமும் இல்லாம ஆடுறாள், இந்த சீசனில ஒரு நாளும் இப்பிடி ஆடேல்ல. குறுக்கால போனவள், இண்டைக்குத்தானே உனக்கு இப்பிடி வரவேணும். நான் வாயைத் திறக்காட்டி இவ்வளவும் வீண். திறந்தால் நான் வீண். பெரித்தின்ர முகம் வருது, மார்ச்சில தொப்பி போட்டுக்கொண்டு இந்த இடத்தில நிண்டு சிரிக்கிற முகம். அம்மாவின்ர சோபா வருது. ஞாயிற்றுக்கிழமை கோயில் வருது, ஒஸ்லோத் தமிழ்ச் சனம் முழுக்க வருது, மாதுமையின்ர அக்காவோ நீங்கள், நீங்களும் ஆடினனீங்கள் எண்டு சொன்னவை, அப்பிடியோ. அப்பிடியோ எண்டு இழுக்கிற அந்த இழுவை. ஒருத்தருக்கும் என்னில கோபம் இல்லை, ஒருத்தரும் எனக்கு ஒண்டும் செய்யேல்ல, அதுதான் ஆகப் பெரிய கொடுமை. அவள் என்னட்ட இருந்து ஒண்டையும் பறிக்கேல்ல. என்னட்டப் பறிக்க ஒண்டும் இருக்கேல்ல. பறிச்சிருந்தால் கோவிச்சிருப்பன், கத்தியிருப்பன், கொஞ்ச நாள் கதைக்காமல் இருந்து பிறகு சரியாகியிருக்கும். இதுக்கு என்ன செய்யிறது. ஒரே அறையில படுத்து, அவள் மூச்சு விடுறதைக் கேட்டுக்கொண்டு, அந்த மூச்சையும் அவள் என்னைவிட வடிவா விடுறாள் எண்டு நினைச்சுக்கொண்டு படுத்திருக்கிறதுக்கு ஒரு மருந்தும் பாமசியில இல்லை.

வாயை மூடிக்கொண்டு நில். நிக்கிறன். அவள் வளைஞ்சு வாறாள், இன்னும் தூரம்தான், அக்செலுக்குப் போகேக்க அவளின்ர வலது கை ஒரு விதமா முன்னுக்கு வரும், மணிக்கட்டு மடிஞ்சு, பெரித்துக்கு அது பிடிக்காது, எவ்வளவோ சொல்லியும் மாறேல்ல. மாறாது. அது என்ர பிழை. எனக்கு மணிக்கட்டு அப்பிடித்தான் மடியும், நடையில நான் பாய்ஞ்சு காட்டேக்க அவள் அதையும் சேத்துப் பழகினவள். அவளின்ர அக்செலுக்குள்ள என்ர கை இருக்கு. இந்த உலகத்தில என்ர எண்டு ஒரு பாய்ச்சல் சனத்துக்கு முன்னால போயிருக்கு எண்டால் இதுதான், இதுக்குத்தான் சனம் எழும்பித் தட்டுறது, நான் அவளுக்காக இல்லை, சத்தியமா அவளுக்காக இல்லை, இதைக் கொண்டுபோய் முட்டை ஆக்க என்னால பாத்துக்கொண்டு நிக்கேலாது. அதோட, இல்லை, இன்னொண்டும் இருக்கு, அவள் இண்டைக்கு ஆடுற ஆட்டம். பொறாமை பிடிச்சவளுக்குத்தான் அது எவ்வளவு நல்ல ஆட்டம் எண்டு சரியா விளங்கும். அம்மாவுக்கு விளங்காது, அம்மாவுக்குச் சட்டையில கல்லு மினுங்கினால் காணும். எனக்கு விளங்குது. கிட்ட வந்திட்டாள். கண்ணைத் தூக்கி என்னைப் பாக்கிறாள். நான் பலகையில வயிறு அமர, முன்னுக்குச் சரிஞ்சு, லூப் எண்டு கத்திறன். ரெண்டாந்தரமும் கத்திறன். லூப் பாய் மாது. பக்கத்தில நிண்ட யப்பான் கோச் திரும்பிப் பாக்கிறான். அவளுக்குக் கேட்டது. கேட்டதை நான் கண்டனான், கண் ஒருக்கா அசைஞ்சது, என்ர முகத்தில நிண்டது, ஏதோ வாசிக்கிறமாதிரி. எனக்கு நெஞ்சுக்குள்ள லேசாப் போச்சு, எத்தினை வருசத்துக்குப் பிறகு. சொல்லிட்டன். நான் சொல்லிட்டன்.

அவள் முன்பக்கம் திரும்பினாள். மணிக்கட்டு மடிஞ்சு முன்னுக்கு வந்தது. அக்செல். உயரமா, சோக்கா, இந்த முழு சீசனிலயும் அவள் பாய்ஞ்ச ஆகத் திறமான அக்செல். சனம் எழும்பிட்டுது. கடைசிச் சுழல், கடைசி வயலின், கை மேல, முடிஞ்சுது. ஆரோ பஞ்சுக் கரடிக்குட்டி ஒண்டை ஐஸில எறியினம். அவள் நாலு பக்கமும் குனிஞ்சு கும்பிட்டிட்டு, கரடிக்குட்டியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாறாள், நான் ஜக்கற்றைப் போட்டு விடுறன், கத்திக்கு உறையைக் குடுக்கிறன், ரெண்டு பேரும் புள்ளி வரும்வரைக்கும் இருக்கிற வாங்கில போய் இருக்கிறம், பின்னால பிளாஸ்ரிக் பூ, முன்னால கமரா, கமராவில சிவப்பு லைற். அம்மா பாத்துக்கொண்டிருக்கிறா. மாதுமை கமராவுக்குக் கை காட்டிச் சிரிக்கிறாள், சிரிச்சுக்கொண்டே, மூச்சு வாங்க, தமிழில கேக்கிறாள். இந்த மண்டபத்தில வேற ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது.

"ஏனக்கா அப்பிடிக் கத்தினனி?"

"அது மூண்டாவது அக்செல், மாது. லூப்புக்குப் பதிலா ஒண்டு பாய்ஞ்சிட்டாய் எல்லோ."

சிரிப்பு அப்பிடியே நிக்குது. மடியில வைச்சிருந்த கையில விரல் ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு மடங்கிறதை நான் பாக்கிறன். மூண்டாவது விரல் மடங்கினாப் பிறகு அவள் கரடிக்குட்டியை இழுத்து மடியில வைக்கிறாள்.

"உனக்குக் கேக்கேல்லையோ?" எண்டு கேக்கிறன். "சத்தமாத்தானே கத்தினன்."

"கேட்டது. வடிவாக் கேட்டது."

"பிறகு ஏனடி பாயேல்ல?"

"நான் விழவேணும் எண்டு சொல்லுறாய் எண்டு நினைச்சன்."

கோபமாச் சொல்லேல்ல. நேரம் கேட்டால் நேரம் சொல்லுறமாதிரிச் சொன்னாள். கமரா இன்னும் எங்களைத்தான் பாக்குது, அவள் கரடிக்குட்டியின்ர காதை நிமித்தி விடுறாள். "காலமை ரெண்டு தரம் விழுந்தனான் எல்லோ. எழும்பேக்க உன்னைப் பாத்தனான். எப்பவும் பாக்கிறனான் அக்கா. போலந்திலயும் பாத்தனான்."

திரையில புள்ளி வருது. சனத்துக்குள்ள ஒரு முணுமுணுப்பு, ஏன் குறைவு எண்டு அவைக்கு விளங்கேல்ல. எல்லைக்குக் கீழ. நான் கூட்டின இடத்தில அப்பிடியே நிக்குது, ஒரு துளி கூடேல்ல, குறையேல்ல. நான் காத்திருக்கிறன், நாக்குக்கு அடியில அந்த ஊறல் வரும் எண்டு. வரேல்ல. வாய் காஞ்சுபோய்க் கிடக்கு. அவள் என்ர தோளில முகத்தை வைக்கேல்ல, நேர இருந்து திரையைத்தான் பாக்கிறாள், அந்தக் கழுத்து அப்பிடியே நிமிந்து.

"விழுந்திருந்தாலும் காணும் மாது" எண்டு சொல்லுறன். ஏன் சொல்லுறன் எண்டு தெரியேல்ல, சொல்லாமல் இருக்கேலாமல் இருக்கு. "லூப்பில விழுந்திருந்தாலும் புள்ளி வந்திருக்கும். நீ போயிருப்பாய்."

அவள் இப்பதான் என்ர பக்கம் திரும்பிப் பாக்கிறாள்.

"அது எனக்கு எப்பிடி அக்கா தெரியும்? நான் விழேக்க எல்லாம் நீ சந்தோசமாத்தானே நிண்டனி."

இல்லையடி எண்டு சொல்லவேணும். கமராவில சிவப்பு லைற் அணையுது, அடுத்த பிள்ளையின்ர பேரைக் கூப்பிடுகினம், வாங்கை விட்டு எழும்பச் சொல்லி ஆரோ கை காட்டுகினம். அவள் கரடிக்குட்டியையும் தூக்கிக்கொண்டு எழும்பி முன்னால நடக்கிறாள். நான் இன்னும் இல்லையெண்டு சொல்லேல்ல.